ஏழாவது சாலில் என்ன போடுவது?

வாசகர் கேள்வி:

ஐயா, எங்களுக்கு நான்கு ஏக்கர் செம்மண் காடு இருக்கிறது. கிணறு கிடையாது, முழுக்க மானாவாரிதான். அப்பா எப்போதும் நிலக்கடலை மட்டும் விதைப்பார். ஊடுபயிர் போட்டால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்று படித்துவிட்டு, போன வருடம் நான் பிடிவாதம் பிடித்து ஒரு ஏக்கரில் கடலையோடு துவரை, எள், ஆமணக்கு மூன்றையும் கலந்து விதைத்தோம். கடலைச் செடி நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிர காய் பிடிக்கவில்லை. எள் ஏதோ கொஞ்சம் வந்தது. துவரை பூத்துப் பூத்து உதிர்ந்தது. ஆமணக்கு மட்டும் குடை விரித்த மாதிரி நின்றது. “இருக்கிற ஈரம் ஒரு பயிருக்கே பத்தாது, இதில் நாலு பயிரா?” என்கிறார் அப்பா. இந்தப் பட்டத்தில் சூரியகாந்தியையும் சேர்க்கலாமா? எத்தனை வரிசைக்கு எத்தனை வரிசை? உரம் தனித்தனியாக வைக்க வேண்டுமா? கடலை காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துப் பக்கத்துப் பயிருக்குக் கொடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதில் பாதி சரி. ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கும் நாலு பயிரை ஒரே காட்டில் நிறுத்தினால் நாலும் அரை வயிற்றோடுதான் நிற்கும். அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி என்னவென்றால், எல்லாப் பயிரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்பதில்லை. ஒன்று முதல் நூறு நாளில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று அதுவரை சும்மா ஒதுங்கி நின்றுவிட்டு அப்புறம்தான் எழும்பும். அப்படிப்பட்ட ஜோடியைப் பிடித்தால் ஊடுபயிர் லாபம். பிடிக்கவில்லையென்றால் அப்பா சொன்னபடியேதான் நடக்கும்.

போன வருடம் நடந்ததை முதலில் பார்ப்போம். நீங்கள் செய்தது கலப்பு விதைப்பு, அதை ஊடுபயிர் என்று சொல்ல முடியாது. வரிசை இல்லாததால் எந்தச் செடிக்குப் பக்கத்தில் எது முளைக்கும் என்பது அதிர்ஷ்டம். கடலைக்கு 4, 5 செ.மீ. ஆழம் வேண்டும். எள்ளுக்கு 2, 3 செ.மீ. தாண்டினால் முளை மேலே வராது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு உழுதால் எள்ளில் பாதி மண்ணுக்குள்ளேயே முடிந்திருக்கும். களைக்கொத்து போடவும் இடம் கிடைத்திருக்காது.

கடலை உயரமாக வளர்ந்ததைச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான தடயம். கடலைச் செடி நிழலில் மாட்டினால் வெளிச்சத்தைத் தேடி நீளும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், பூவும் மேலே போய்விடும். பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் தொட்டு உள்ளே போனால்தான் காய். ஒரு சாண் உயரத்துக்கு மேலிருந்து இறங்கும் விழுது பெரும்பாலும் மண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். அறுவடையின்போது செடியைத் தூக்கிப் பார்த்திருந்தால், தண்டில் கறுத்த ஊசி ஊசியாகத் தொங்கியிருக்கும். அத்தனையும் மண்ணை எட்டாமல் போன காய்கள். ஆமணக்கு விரித்த குடை யார் தலைக்கு மேல் விரிந்தது என்று இப்போது தெரிகிறதா?

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். நான்கையும் மறந்துவிட்டு ஒரு முதன்மைப் பயிர், ஒரு துணைப் பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலை முதன்மை. துணைக்கு என் முதல் தேர்வு துவரை, அதுவும் 160 முதல் 180 நாள் வரை போகும் ரகம்.

ஏன் இவ்வளவு நீளமான ரகம் என்று கேட்பீர்கள். துவரை முளைத்து முதல் இரண்டு மாதம் சோம்பேறி மாதிரி நிற்கும். குச்சி மாதிரி ஒரு தண்டு, நாலு இலை, அவ்வளவுதான். மேலே வளராத அந்த நாட்களில் வேரைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அதே இரண்டு மாதத்தில் கடலை முளைத்து, தரையை மூடி, 25, 30 நாளில் பூத்து, விழுது இறக்கிவிடும். 105, 110 நாளில் கடலையைப் பிடுங்கும்போது துவரை இடுப்பளவுக்கு வந்து, அப்போதுதான் கிளை விடத் தயாராக இருக்கும். கடலை போனதும் இடமும் வெளிச்சமும் அதற்கே. கடலை வேர் எட்டாத ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரமும் அதற்கே. போதாததற்கு, கடலை பிடுங்குவதற்காக மண்ணைக் கிளறியது துவரைக்குக் கடைசிக் கொத்து போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு விவசாயியிடம் 120 நாள் துவரையைக் கடலைக்குள் போடச் சொன்னேன். சீக்கிரம் முடியும், பூச்சியும் குறையும் என்பது என் கணக்கு. கடலை காய் முற்றுகிற நேரமும் துவரை பூத்துக் காய் பிடிக்கிற நேரமும் ஒன்றாக வந்து நின்றன. சரியாக அந்த மூன்று வாரம் மழை இல்லை. அறுவடை அன்று போனபோது அவர் ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டே காய். உடைத்தால் இரண்டும் பொக்கு. அன்றிலிருந்து ரகத்தின் வயதைக் கேட்காமல் நான் ஊடுபயிர் பற்றி வாய் திறப்பதில்லை.

வரிசைக்கு வருவோம். ஆறு சால் கடலை, ஏழாவது சாலில் துவரை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ. என்றால் ஒரு துவரை வரிசைக்கும் அடுத்த துவரை வரிசைக்கும் 210 செ.மீ., அதாவது ஏழு அடி. கடலை விழுந்திருக்க வேண்டிய சாலில் அதற்குப் பதிலாகத் துவரை விழுகிறது, இடையில் கூடுதலாகச் செருகவில்லை என்பதைக் கவனியுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கடலையை முழு அளவு விதைத்துவிட்டு, சந்தில் துவரையையும் திணிப்பார்கள். பாசனம் இருக்கும் இடத்தில் அதற்கு வழி உண்டு. மானாவாரியில் செடி எண்ணிக்கை கூடக் கூட ஈரம் சீக்கிரம் தீரும்.

ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 30 செ.மீ. இடைவெளியில் சால் பிடித்தால் எல்லாச் சாலையும் சேர்த்து நீளம் ஏறக்குறைய 13,500 மீட்டர். அதில் ஏழில் ஒரு பங்கு, சுமார் 1,900 மீட்டர், துவரைக்கு. செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டால் 6,400 செடி. குழிக்கு இரண்டு விதை போட்டுப் பிறகு ஒன்றாகக் கலைத்தாலும் ஒன்றேகால் கிலோ விதை போதும். கடலைக்கு 11,500 மீட்டர் சொச்சம். 10 செ.மீ.க்கு ஒரு பருப்பு என்றால் நடுத்தரப் பருப்பில் 46 கிலோ பக்கம் வரும். தனிக்கடலைக்கு 54 கிலோ தேவைப்பட்டிருக்கும். ஆக விதைச் செலவிலும் கொஞ்சம் மிச்சம்தான்.

ஏர்ச் சாலில் கையால் போடுவதாக இருந்தால், துவரை விதையை ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள். ஏழாவது சால் வரும்போது அவர் மட்டும் இறங்கட்டும். கடலை போடுபவரே இடையில் பை மாற்றிப் போட்டால், மதியத்துக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிடும். இன்னொன்று, இரண்டையும் ஒரே நாளில் விதையுங்கள். கடலை முளைத்த பிறகு துவரையைப் போடலாம் என்று நினைத்தால் விதைப்பு ஈரம் உங்களுக்காகக் காத்திருக்காது.

நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று கையேடுகளில் எண்களைப் பார்த்திருப்பீர்கள். அது ராசி எண் இல்லை. விதைப்பு மழை சரியான நேரத்தில் வந்தால் ஆறுக்கு ஒன்று. மூன்று, நான்கு வாரம் தள்ளிப் போனால் கடலைக்குக் காய் முற்றும் நேரத்தில் ஈரம் கிடைப்பது சந்தேகம், அப்போது நாலுக்கு ஒன்றாக மாற்றித் துவரையின் பங்கைக் கூட்டுங்கள். முடிவை விதைப்பு அன்று எடுங்கள், முன்கூட்டியே வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நிபந்தனை இருக்கிறது, அது மண்ணின் ஆழம். துவரைக் கணக்கு முழுவதும் கீழே ஈரம் மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. உங்கள் துவரை பூத்துப் பூத்து உதிர்ந்தது என்றதும் எனக்கு அங்கேதான் சந்தேகம். பூ உதிர மேகமூட்டம், பூச்சி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் செம்மண் காட்டில் முதலில் பார்க்க வேண்டியது கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய், மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்று என்று மூன்று குழி தோண்டுங்கள். மூன்று அடி வரை மண்ணாகவே வந்தால் துவரை தைரியமாகப் போடலாம். ஒன்றரை அடியில் கடப்பாரை ‘ணங்’ என்று சரளையிலோ சுக்கான் பாறையிலோ முட்டினால், அந்தப் பகுதியில் நீண்ட நாள் துவரை வேண்டாம். மழை நின்ற பிறகு குடிக்க அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. நான்கு ஏக்கரும் ஒரே ஆழமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

ஆழம் குறைந்த இடத்தில் என்ன செய்வது? அங்கே கடலையோடு சேர்ந்தோ, கடலைக்கு முன்பாகவோ முடிந்துவிடும் பயிர்தான் துணை. நாலு சால் கடலைக்கு ஒரு சால் தட்டைப்பயறு நல்ல ஜோடி. முதல் மழைக்குப் பிறகு கிளம்பும் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு அது பொறியாகவும் உதவும், முட்டையும் குஞ்சுப் புழுவும் கண்ணில் படும்போது அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால். கம்பும் போடலாம். கம்பு வேகமாக எழும்பி, 80, 90 நாளில் கதிரைக் கொடுத்துவிட்டு விலகிவிடும். மானாவாரிப் பயிர்களுக்கான சர்வதேச ஆய்வு நிலையமான இக்ரிசாட்டில் ஒரு வரிசை கம்புக்கு மூன்று வரிசை கடலை என்று வைத்துப் பார்த்தபோது, தனித்தனியாக விதைத்ததைவிட மொத்தத்தில் சுமார் கால் பங்கு கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் மழை இழுத்தடிக்கும் வருடத்தில் கம்பு கடலையின் பங்கையும் சேர்த்துக் குடித்துவிடும். அதனால் உங்கள் காட்டில் மூன்றுக்கு ஒன்று வேண்டாம், ஆறுக்கு ஒன்றே போதும் என்பது என் கருத்து.

சூரியகாந்தி? கடலைக் காட்டுக்குள் வேண்டவே வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறார். அது உயரம், இலை அகலம், சத்தை உறிஞ்சுவதில் கெட்டி, வயதும் கடலையோடு ஒட்டியே போகும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய பிரச்சினை நோய். 2000ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் மானாவாரிக் கடலை இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒரே வீச்சில் கருகியது. குருத்து காய்ந்து, தண்டு கறுத்து, செடியே சாய்ந்துபோனது. காரணம் புகையிலைக் கீற்று வைரஸ் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பார்த்தீனியக் களையின் மகரந்தத்தில் அந்த வைரஸ் இருக்கும். இலைப்பேன் அந்தத் தூளை உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்து இலையைச் சுரண்டும்போது வைரஸ் செடிக்குள் புகுந்துவிடும். அதே வைரஸ் சூரியகாந்தியையும் தாக்கும். அதைக் கடலைக்கு நடுவில் நிறுத்துவது திருடனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பது போல. அதற்குப் பதில் காட்டைச் சுற்றி நாலு வரிசை கம்போ சோளமோ நெருக்கமாக விதையுங்கள், காற்றோடு வரும் இலைப்பேனுக்கு அது வேலி. பூப்பதற்கு முன்பே வரப்புப் பார்த்தீனியத்தைப் பிடுங்கிவிடுங்கள். சூரியகாந்தி ஆசை தீரவில்லையென்றால் கடலையை விட்டு விலகிய இடத்தில் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

ஆமணக்கை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. நடுக்காட்டில் போடாமல் வரப்பை ஒட்டி ஒரு வரிசை, ஆறு அடிக்கு ஒரு செடி. அகன்ற இலையைத் தேடி புரோடீனியா அந்துப்பூச்சி வந்து முட்டையிடும். இலையின் அடியில் பழுப்பு ரோமம் போர்த்திய மாதிரி ஒரு திட்டு இருந்தால் அது முட்டைக் குவியல். பொரித்த குஞ்சுகள் கூட்டமாகச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கியிருக்கும். வாரம் இரண்டு முறை சுற்றி வந்து அந்த இலைகளைக் கிள்ளி நசுக்கினால் ஆமணக்கு பொறிப்பயிர். சுற்றி வராவிட்டால் புழுவுக்கு அதுவே நாற்றங்கால், வளர்ந்த புழு அங்கிருந்து நேரே கடலைக்கு நடந்துவிடும். பொறிப்பயிர் என்று சொல்லிவிட்டு இந்த நடையைச் சொல்லாமல் விடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

எள் போடுவதென்றால் தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியில், தனிச் சாலில், மணல் கலந்து மேலாகத் தூவுங்கள். நாலு சால் கடலைக்கு ஒரு சால். காய் வெடிப்பதற்குள் அறுக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தழைச்சத்துக் கேள்வி. கடலை வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது உண்மை. ஆனால் அதை அந்தப் பருவத்திலேயே பக்கத்து வரிசைக்குத் தானம் செய்வதில்லை, பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பயிருக்குக் கிடைக்கும் நன்மை, கடலை மண்ணில் இருக்கும் தழைச்சத்துக்கு அவ்வளவாகப் போட்டிக்கு வராது என்பதுதான். இலை உதிர்ந்து, வேர் மக்கிய பிறகு அடுத்த பயிருக்குக் கொஞ்சம் சேரும். அதிலும் நாம் கடலைக் கொடியை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம், மண்ணுக்கு மிஞ்சுவது குறைவு. இந்த விஷயத்தில் துவரை மேல். நிற்கும் நாள் முழுக்க இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

அதனால் உரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். அடியுரம் மண் பரிசோதனைப்படி கடலைக்கு உள்ளதை வையுங்கள், துவரைக்கென்று தனியாக வேண்டாம். கம்பு போட்டால் மட்டும், ஒரு மழைக்குப் பிறகு கம்பு வரிசைக்கு மட்டும் மேலுரமாகக் கொஞ்சம் யூரியா. காடு முழுக்க வீசினால் கடலை இலையாகத்தான் கொழுக்கும். ஜிப்சம் கடலை வரிசைக்கு மட்டும், ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, செடியின் தூரில். ஏன் தூரில் என்றால், ஜிப்சம் கொடுக்கும், காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து வேர் வழியாகப் போய் விழுது வழியாக இறங்கி வருவதில்லை. காயே தன் தோல் வழியாகச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜிப்சம் வைத்து மண் அணைத்த பிறகு கடலை வரிசைக்குள் கொத்தோடு நுழையாதீர்கள், இறங்கிய விழுது அறுந்துவிடும்.

களைக்கொல்லி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முளைத்த பிறகு கடலைக்கு அடிக்கும் இமாசிதாபிர், எள்ளையும் ஆமணக்கையும் கம்பையும் களையாகவே நினைத்து முடித்துவிடும். புல்லைக் கொல்ல அடிக்கும் குயிசலோபாப் கம்பை விடாது. பயறு வகை அல்லாத துணைப்பயிர் இருந்தால் கொத்தும் கையும்தான் வழி. 20 நாளில் ஒன்று, 40 நாளில் ஒன்று, இரண்டு கொத்து. அதற்கு ஆள் கிடைக்காத வருடத்தில் தனிக்கடலையே போடுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

லாபமா நட்டமா என்று அப்பாவிடம் எப்படிக் காட்டுவது? தனிக்கடலை ஒரு பகுதி, ஊடுபயிர் ஒரு பகுதி, ஒரு ஓரத்தில் தனித்துவரை பத்து சால். மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். உதாரணத்துக்கு, தனிக்கடலை ஏக்கருக்கு 600 கிலோ, தனித்துவரை 300 கிலோ வந்தது என்று வையுங்கள். ஊடுபயிரில் கடலை 480, துவரை 150. கடலையில் 0.8 பங்கு, துவரையில் 0.5 பங்கு, கூட்டினால் 1.3. ஒரு ஏக்கரில் கிடைத்ததைத் தனித்தனியாக விளைவிக்க 1.3 ஏக்கர் வேண்டியிருந்திருக்கும் என்று அர்த்தம். ஒன்றுக்குக் கீழே வந்தால் அப்பா சொன்னதே சரி, ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

ஒரு வருடக் கணக்கை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். சோளத்தில் துவரையை ஊடுபயிராகப் போட்ட 94 சோதனைகளின் விளைச்சலை 1980ல் இக்ரிசாட் விஞ்ஞானிகள் ராவும் வில்லியும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் ‘தோல்வி’ என்று வைத்துக்கொண்டால், தனித்துவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தோற்கும், தனிச்சோளம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டும் சேர்ந்தது 36 வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வந்தது. அது சோளம், உங்களுடையது கடலை, எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் என்று நீங்கள் படித்தது இந்த வகைக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

ஆகவே நான்கு ஏக்கரையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஆழமான பகுதியில் ஒரு ஏக்கர் மட்டும் ஆறுக்கு ஒன்று துவரை. மற்றதை அப்பா இஷ்டப்படி விட்டுவிடுங்கள். அதற்கு முன் அந்த மூன்று குழியையும் தோண்டி, எத்தனை அடியில் எது முட்டியது என்பதையும், போன வருடம் துவரை நின்ற இடம் எந்தக் குழிக்குப் பக்கம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்த ரகம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.